கிட்டங்கி காலியானாத்தான் கலை வரும் மாப்ளே

மாப்ளே, வந்ததும் வராததுமா போனை நீட்டி நீ காட்டுன படத்தையெல்லாம் பாத்தேன். உங்க அத்தையும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டுப் பாத்தா. ஓட்டுக்கூரை, பெரிய முத்தம், முத்தத்துல மேசை, மேசையில கேக்கு, கேக்குக்குப் பின்னால சுவத்துல ஒரு ஓவியம், அந்த ஓவியத்தை மறைச்சுக்கிட்டு நீயும் உன் பொண்டாட்டியும். ஃபோர்ட் கொச்சியில பெப்பர் ஹவுஸ்னு யாருக்கும் தெரியாத ஒரு எடத்தைக் கண்டுபிடிச்சுட்டதாச் சொன்ன. ஒரு பக்கம் ஓவியமாம், ஒரு பக்கம் புஸ்தகமாம், ஒரு பக்கம் சாப்பாடாம், ஊர்க்காரன் வெளியூர்க்காரன் யாரு வேணாலும் வந்து உக்காந்துக்கிடலாமாம். ‘நம்ம போடியில ஏன் மாமா இப்பிடி ஒண்ணு இல்லை’ன்னு கேட்ட. கேட்டுக்கிட்டே தட்டுல அடுத்த தோசைக்கு எடம் பண்ணுன. நான் வாயைத் தொறக்கலை. சாப்புடுற ஆளுகிட்ட நெசத்தைச் சொன்னா செமிக்காது. இப்பத்தான் கை கழுவிட்டேல்ல, சொல்றேன் கேளு.

மொதல்ல ரோட்டைப் பத்திச் சொல்லிடுறேன். நீ கார்ல வந்தியே 85-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, அது கொச்சியில பொறப்பட்டு மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம் பாலம், அடிமாலி, மூணாறு, பூப்பாறைன்னு ஏறி, போடிமெட்டுல தமிழ்நாட்டுக்குள்ள தலையை நீட்டி, 17 கொண்டை ஊசி வளைவும் எறங்கி நம்ம ஊரைத் தொட்டுட்டு, மதுரை வழியா தொண்டி வரைக்கும் போகுது. நீ வாந்தி எடுக்காம வந்ததே பெரிய கலைதான், அதை நான் இல்லைங்கலை. ஆனா இந்த மலைப்பாதை ஒனக்குப் போட்டோ எடுக்கப் போட்டதுன்னு நெனச்சுக்கிட்டிருக்க பாரு, அங்கதான் இடிக்குது. மலையில வெளைஞ்ச ஏலமும் மிளகும் அந்தப் பக்கம் கொச்சிக்கு எறங்குச்சு, இந்தப் பக்கம் போடிக்கு எறங்குச்சு. அந்த முனையில மிளகு கெடந்த கிட்டங்கியில உக்காந்துதான் நீ கேக்குத் தின்னுருக்க. இந்த முனையில இருக்குற கிட்டங்கியில உங்க அத்தை வழிச் சொந்தக்காரப் பொம்பளைக இந்நேரம் ஏலக்காய் பொறுக்கிக்கிட்டு இருக்காக.

பெப்பர் ஹவுஸை யாருக்கும் தெரியாத எடம்னு சொன்னா, கல்வத்தி ரோட்டுல ஆட்டோ ஓட்டுறவன் சிரிப்பான். ரோட்டைப் பாத்து ஒரு கிட்டங்கி, தண்ணியைப் பாத்து ஒரு கிட்டங்கி, நடுவுல முத்தம், டச்சுக்காரன் தினுசுல ஓட்டுக்கூரை. ரோட்டுப் பக்கம் மூட்டை எறக்கி, தண்ணிப் பக்கம் ஏத்திவிடத் தோதான எடம்னு பாத்தவுடனே தெரியும், சரக்குப் புடிச்ச கண்ணா இருந்தா. அதுக்குக் கொஞ்சம் தள்ளி ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல ஜான் ஆஸ்பின்வால்ங்கிற வெள்ளைக்காரர் தொடங்குன கம்பெனி. தேங்காயெண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், தோலுன்னு எதெது கப்பல்ல போகுமோ அதெல்லாம் அவக வியாபாரம். காலம் போச்சு, கப்பல் போச்சு, கட்டடம் மட்டும் நின்னுச்சு. 2012 டிசம்பர் 12-ஆம் தேதி, பன்னண்டு பன்னண்டு பன்னண்டுன்னு தோதா நாள் பாத்து, போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் அங்க கொச்சி-முசிறி பினாலேயைத் தொடங்கினாக. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நடக்குற கலைத் திருவிழா. ஆஸ்பின்வால் ஹவுஸ் அதுக்குத் தலைவாசல், பெப்பர் ஹவுஸ் அதுல ஒரு கூடம். அப்பிடித்தான் மிளகு இருந்த எடத்துல ஓவியமும் காப்பியும் வந்துச்சு.

மாமனுக்கு இம்புட்டு வெவரம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிக்கிறியா? நீ கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாலயே நான் அங்க போயிட்டு வந்தவன்டா. வயசுக் காலத்துல லாரியில மூட்டையோட போயி, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிட்டங்கி வாசல்ல சாக்கை விரிச்சுத் தூங்குன ஆளு. அந்தப் பழக்கத்துல, பினாலே தொடங்குன மொத வருஷம், கணக்கு முடிக்கப் போனவன் கூட்டத்தைப் பாத்து நானும் உள்ள நொழைஞ்சேன். சுபோத் குப்தான்னு ஒருத்தர் பெரிய வள்ளம் ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாரு. வள்ளம் நெறையச் சட்டி பானை, நாற்காலி, சைக்கிள், வலை. உங்க அத்தையோட பரணைத் தூக்கிப் படகுல வச்ச மாதிரி இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தர் தாடியைத் தடவிக்கிட்டுக் கண்ணை மூடி நின்னாரு. சரக்கோட சேத்து விலையா, வள்ளம் மட்டுமான்னு கேட்டேன். கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிட்டாரு.

இன்னொரு எடத்துல விவான் சுந்தரம்னு ஒருத்தர். முசிறித் துறைமுகம் இருந்துச்சுன்னு சொல்ற பட்டணம் ஊர்ல தோண்டுனப்பக் கெடைச்ச ஓட்டாஞ்சில்லுகளை ஆயிரக்கணக்குல அடுக்கி ஒரு ஊரையே கட்டி, அதுல தண்ணியையும் மிளகையும் விட்டுப் படம் புடிச்சிருந்தாரு. அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னேன் மாப்ளே, சும்மா சொல்லக்கூடாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால எவனோ ஒருத்தன் இதே மலையில மிளகு பறிச்சு, கணக்குப்பிள்ளை எடையில அடிச்சுட்டான்னு பொலம்பிக்கிட்டே எறங்கியிருப்பான்லன்னு தோணுச்சு. பக்கத்துல ஒரு படிச்ச புள்ள குறிப்பு எடுத்துக்கிட்டு நின்னுச்சு. ‘தாயி, நல்ல மிளகு தண்ணியில அமுங்கும், பொக்கு மிளகுதான் மெதக்கும்’னு சொன்னேன். அதையும் எழுதிக்கிடுச்சு. எந்தப் புஸ்தகத்துல எந்த அர்த்தத்துல வந்திருக்கோ.

இப்ப ஒன் கேள்விக்கு வர்றேன். மட்டாஞ்சேரிக் கிட்டங்கியில சரக்கு நெறைஞ்சு கெடந்த காலத்துல ஒரு ஓவியன் தூரிகையும் கையுமா வாசல்ல நின்னுருந்தா, ‘தள்ளி நில்லுய்யா, மூட்டை வருது’ன்னு வெரட்டிவிட்டிருப்போம். நானே வெரட்டியிருப்பேன். மூட்டை நின்னு, எலி ஓடி, கூரை ஒழுகி, ‘இதை என்ன செய்யிறது’ன்னு சொந்தக்காரன் தலையைச் சொறிஞ்ச பின்னாலதான் கலைக்கு உள்ள எடம் கெடைச்சுச்சு. கொச்சியில மட்டும் இல்லை, உலகம் பூரா அப்பிடித்தான். லண்டன்ல டேட் மாடர்ன்னு ஒரு ஓவியக்கூடம், 2000-ல தொறந்தது, அது மூடிப்போன கரண்டு உற்பத்தி நிலையம். அங்கயும் சாப்பாட்டுக்கடை உண்டு. வேலை செத்த எடத்துல கலை குடியேறும், கலை குடியேறுன எடத்துல காப்பி விலை ஏறும். போடியில ஏன் இல்லைன்னு கேட்டியே, நம்ம கிட்டங்கி இன்னும் காலியாகலை மாப்ளே. காலியாக வேணாம்னுதான் நானும் சாமி கும்புட்டுக்கிட்டு இருக்கேன்.

நாளைக்கு ஒன்னைய நம்ம கிட்டங்கிக்குக் கூட்டிட்டுப் போறேன், வந்து பாரு. மூக்கைப் பொத்திக்கிட்டு வராத, நல்ல வாசம்தான். பொம்பளைக வரிசையா உக்காந்து முன்னால தட்டுல காயைக் கொட்டி வச்சிருப்பாக. வெடிச்ச காய் ஒரு பக்கம், சொறி விழுந்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், எட்டு மில்லி உருண்டை தனியா. பச்சையிலயே எம்புட்டுப் பச்சை இருக்குன்னு அந்தத் தட்டைப் பாத்தாத்தான் தெரியும். அஞ்சு கிலோ பச்சைக்காய் காஞ்சா ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவுலயும் நல்லது பொல்லாதது பிரிக்கணும். வெரல் நிக்காது, வாயும் நிக்காது. மாமியா கதை, சீரியல் கதை, கந்துவட்டிக்காரன் கதை எல்லாம் அங்க ஓடும். நீ சொன்ன ஓவியக்கூடத்துல எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்கன்னு சொன்னியே, அதை நெனச்சுத்தான் சிரிச்சேன்.

அதுவும் போதாதுன்னா ஸ்பைசஸ் போர்டோட ஏல மையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். மலைக்கு மேல புத்தடியில ஒண்ணு, கீழ போடியில ஒண்ணு. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பாக. ஒரு சத்தம் இருக்காது. மாதிரிக்கு வர்ற காயை உரிச்சு, மோந்து பாத்து, கையில உருட்டிட்டுக் கீழ போடுவாக. முடிஞ்சு எந்திரிக்கும்போது காலடியெல்லாம் ஏலக்காய் கெடக்கும். 2019 ஆகஸ்டுல புத்தடியில ஒரு லாட்டு கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சு. அதுக்கு முந்தின வருஷ வெள்ளத்துல தோட்டம் அழிஞ்சு, அப்புறம் மழையும் பொய்ச்சு, காயே இல்லாம வந்த வெலை. காய் வச்சிருந்தவன் சிரிச்சான், மத்தவன் மொகத்தைப் பாக்கணுமே! அந்த நடிப்பை எந்த மேடையிலயும் காசு குடுத்துப் பாக்க முடியாது.

‘அது வியாபாரம் மாமா, நான் கேட்டது கலை’ங்கிற. சரி. கலையும் சாப்பாடும் ஒண்ணாக் கெடைக்கிற எடம் நம்ம பக்கம் இல்லைன்னு ஆரு சொன்னா? கொழந்தையில நீ அதுலதான்டா தூங்கியிருக்க. திருவிழாவுல வள்ளி திருமணம் போட்டா, உங்கம்மா ஒரு ஓலைப்பாயும் ஒரு போர்வையும் தூக்கிக்கிட்டுப் போயி மேடைக்கு நேரா எடம் புடிப்பா. நீ நாரதர் வர்றதுக்கு முன்னாலயே ஒறங்கிப்போவ. முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணி முடிக்கிறப்பப் பொழுது விடிஞ்சிருக்கும், நீ எந்திரிச்சுப் பணியாரம் கேட்டு அழுவ. ஒனக்கு மொதல்ல பழக்கமான ஆர்ட் கஃபே அதுதான்.

அந்த நாடகம் எப்பிடி நடக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? ஸ்பெஷல் நாடகம்னு பேரு. ராஜபார்ட்டு ஒரு ஊர்ல இருந்து வருவாரு, ஸ்திரீபார்ட்டு இன்னொரு ஊரு, பபூன் வேற ஊரு, ஆர்மோனியக்காரரு வேற. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல்னு ஊருக்கு ஊரு நடிகர் சங்கம் இருக்கு. ஏஜென்டைப் புடிச்சு, தேதியைச் சொல்லி, ஆளு ஆளாப் பேசி முன்பணம் குடுக்கணும். ஒத்திகை கெடையாது. சில நேரம் வள்ளியும் முருகனும் மொதல்மொதலாப் பாத்துக்கிடுறதே நம்ம ஊரு மேடைக்குப் பின்னாலதான் இருக்கும். எல்லாருக்கும் பாடம் ஒண்ணு, சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதை. கொச்சியில ஆஸ்பின்வால் கடையைத் தொறந்தாரே அதே 1867-லதான் தூத்துக்குடிப் பக்கம் சுவாமிகள் பொறந்தாரு. 1922-ல செத்தும் போயிட்டாரு. அவரு எழுதி வச்ச வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்னைக்கும் எத்தனையோ பேரு வீட்டுல ஒலை கொதிக்க வைக்குது. ஆஸ்பின்வால் கிட்டங்கி காலியாச்சு, சுவாமிகள் கிட்டங்கி இன்னும் காலியாகலை பாத்துக்க.

இப்பச் சாப்பாட்டுக்கு வா. மேடைக்கு இடது கைப்பக்கம் வடைச்சட்டி, வலது கைப்பக்கம் பணியாரச்சட்டி, கொஞ்சம் தள்ளிப் பாய்லர் வச்சு டீயும் சுக்குக்காப்பியும், இருட்டுக்குள்ள பரோட்டாக்கடை ஒண்ணு. நடுவுல மொச்சையும் சுண்டலும் கூடையில நடந்து வரும். விமர்சகன், விமர்சகன்னு பேப்பர்ல எழுதுறாகளே, நம்ம ஊர்ல விமர்சகன் டீக்கடைக்காரன்தான். பபூன் மேடையில இருந்தா டீ விக்காது, ஒரு பய எந்திரிக்க மாட்டான். ராஜபார்ட்டு ஆலாபனையை இழுத்தாருன்னா பத்துப் பேரு கடைக்கு வருவான், இன்னும் இழுத்தா அம்பது பேரு. விடியக்காலையில கல்லாவை எண்ணிட்டுக் கடைக்காரர் கமிட்டிக்காரக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாரு: ‘இந்த ராஜபார்ட்டை வருஷா வருஷம் கூப்பிடுங்கய்யா, நமக்கு நல்ல யாவாரம்.’ அம்புட்டுத்தான். மறு வருஷம் வேற ராஜபார்ட்டு வந்துருவாரு.

காசு குடுத்து ரசிக்கிறதுலயும் நம்மாளு ஒரு தினுசு. பாட்டு புடிச்சுப்போச்சுன்னா மேடைக்கே ஏறி நோட்டைக் குத்திட்டு வருவான். ‘இன்னார் மகன் இன்னார், பபூன் அவர்களுக்கு அன்பளிப்பு’ன்னு மைக்குல அறிவிக்கணும். அறிவிக்கலைன்னா அடுத்த பாட்டைப் பாட விடமாட்டான். பேரைத் தப்பாச் சொன்னா பஞ்சாயத்தாயிரும். நீ சொன்ன எடத்துல ஓவியத்துக்குக் கீழ சின்ன அட்டையில பேரு எழுதியிருந்துச்சுல்ல? அங்க வரைஞ்சவன் பேரு. இங்க குடுத்தவன் பேரு. நாடக மேடைச் சிமெண்டுலயே ‘உபயம்’னு வெட்டி வச்சிருக்கோமே, தேய்ச்சாலும் போகாது.

ஆனா இப்ப அந்த மேடைக்கும் கேடு வந்துருச்சு மாப்ளே, அதையும் மறைக்கலை. 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது. விசேஷத்துக்குன்னு அனுமதி வாங்குனாலும் பன்னண்டு வரைக்கும்தான். பத்து மணிக்கு ஆர்மோனியம் போட்டு விடிய விடிய ஆடுற நாடகத்தை என்ன செய்யிறது? முருகன் கல்யாணத்தை முடிக்காமலே வேலைத் தூக்கிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். எளந்தாரிகளோ ஆடல் பாடல் வேணுங்குறாக. அதுக்குப் போலீஸ் அனுமதி இல்லைன்னா மதுரை ஐகோர்ட்டு வரைக்கும் போயி அனுமதி வாங்குறாக. நாடகத்துக்குக் கோர்ட்டுக்குப் போக ஒரு நாதி இல்லை. ஒன் சினேகிதன் ஒருத்தன் வக்கீல்னு சொன்னேல்ல? அவனைக் கேக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இங்கிட்டுக் கூட்டிட்டு வா.

மலைக்கு மேல மேடைகூட வேணாம். 1957-ல தேவிகுளம் தொகுதியில கம்யூனிஸ்டுக் கட்சி ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சது கோர்ட்டுல செல்லாமப் போயி, 1958-ல இடைத்தேர்தல் வந்துச்சு. தோட்டத்துல வேலை செய்றது பெரும்பாலும் தமிழாளுக. அவகளுக்கு மலையாளத்துல பேசி என்ன ஆகும்? பண்ணைப்புரத்துல இருந்து பாவலர் வரதராசனைக் கூப்பிட்டாக. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு எஸ்டேட் எஸ்டேட்டாப் போயி, லயத்து வாசல்ல நின்னு பாடுனாரு. தம்பி ராசய்யாவையும் பாடக் கூட்டிட்டுப் போனாரு. அந்த ராசய்யாதான் பின்னால இளையராஜா. ரோசம்மா ஜெயிச்சாக. தேர்தல் கதையைச் சொல்றவக பாட்டோட நிறுத்திக்கிடுவாக, அன்னைக்கு லயத்துல அவகளுக்கு என்ன வெஞ்சனம் வச்சாகன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாக. எனக்கு அதுதான் கொறை. குளிர்ல தொண்டை கட்டிப்போற மலையில ஒரு மனுசன் ஊர் ஊராப் பாடுனாருன்னா, கடுங்காப்பி போட்டுக் குடுத்த கை ஒண்ணு கூடவே இருந்திருக்கணும்ல?

சென்னையில இருக்கிற ஒனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. மார்கழி வந்தா ஒங்க ஊரு சபாக்கள்ல நடக்குறது என்ன? மியூசிக் அகாடமி 1928-ல தொடங்குனது. 1927 காங்கிரசு மாநாட்டோட நடந்த சங்கீத மாநாட்டுல முளைச்ச யோசனை. சுத்த சங்கீதத்துக்குன்னு தொடங்குன எடத்துல இன்னைக்கு வாசல்ல நின்னு பாரு. தனி ஆவர்த்தனம் தொடங்குனதும் பாதிச் சனம் எந்திரிச்சு கேன்டீனுக்கு நடக்கும். டிக்கெட் வாங்காமலே கேன்டீன்ல எலை போட்டு உக்காந்துட்டு, ‘இந்த சீசன் பிரமாதம்’னு சொல்றவனும் உண்டு. எந்த சபாவுல எந்தச் சமையல்காரர்னு பத்திரிகையில எழுதுறாக. நம்ம டீக்கடைக்காரர் விமர்சனம்தான் அங்கயும் செல்லுபடியாகுது, கொஞ்சம் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரான்னு ஒண்ணு 1996-ல இருந்து இருக்கு, லாரி பேக்கர் போட்டுக்குடுத்த திட்டம். செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடுன்னு பேத்துக் கொண்டாந்து வச்சிருக்காக, அங்கயும் கைத்தொழிலு, ஆட்டம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஒன் வீட்டுல இருந்து ஒரு மணி நேரம். அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒனக்கு நேரம் வரலை. மனுசன் மலையேறிப் போனாத்தான் கண்ணு தொறக்கும்போல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீ படத்தைக் காட்டுனது வேற ஒரு யோசனையிலதான்னு எனக்குத் தெரியாதா? முந்தலுக்கு மேல, புலியூத்துப் பக்கம் எங்கயாச்சும் எடம் பாத்து, ‘ஏலக்காய் ஆர்ட் கஃபே’ன்னு பலகை மாட்டலாம்னு உன் பொண்டாட்டி உங்க அத்தைகிட்டச் சொல்லிருச்சு. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாது. தப்பு ஒண்ணும் இல்லை. மூணாறு போற காரெல்லாம் அந்த வளைவுலதான் மூச்சு வாங்குது. ரயிலும் இருக்கு, 2010 கடைசியில மீட்டர் கேஜை நிறுத்திட்டு, 2023 ஜூன் 15-லதான் அகலப் பாதையில திரும்பக் கொண்டாந்தாக. சென்னையில இருந்து வாரம் மூணு நாள் ஆளு வந்து எறங்குது. ஓவியத்துக்கும் பஞ்சம் இல்லை, நம்ம ஜமீன் அரண்மனைச் சுவத்துல இராமாயணக் கதையை நாயக்கர் பாணியில வரைஞ்சு வச்சிருக்கு. சுவரு இருக்கு, படம் இருக்கு, கேக்கு ஒண்ணுதான் இல்லை. ஆனா அது ஒரு குடும்பத்துச் சொத்து, போனைத் தூக்கிக்கிட்டு நேரா நொழைஞ்சுராத. கேட்டுட்டுப் போ.

நீ கடை போடுறதா இருந்தா மாமன் ரெண்டு மூணு தந்திரம் சொல்றேன், வேற ஆருக்கும் சொல்லாத. காய் பறிக்கிற பொம்பளையோட மொகத்தைப் பெருசா வரைஞ்சு, மாட்டி, கீழ ஒரு லட்சம்னு விலை போடு, கண்டிப்பா வாங்குவான். அந்தப் பொம்பளையே நேர்ல வந்து ஒரு டீ கேட்டா மட்டும் ‘ரிசர்வேஷன் இருக்காம்மா’ன்னு கேளு, எடம் கௌரவமா இருக்கும். இருபது ரூபாச் சுக்குக்காப்பியை மண் குடுவையில ஊத்து, பேரை இங்கிலீஷ்ல எழுது, இருநூறு போடு. சுண்டலை எண்ணி வை. பொறுக்கி ஒதுக்குன சொறிக்காயைக் கண்ணாடி சீசாவுல போட்டு, ‘இயற்கை முறையில வெளைஞ்சது’ன்னு எழுதிட்டா அதுவும் போயிரும். நாடகக்காரரைக் கூப்பிட்டா விடிய விடிய ஆட விட்டுறாத. பதினைஞ்சு நிமிஷம் போதும், அதுக்குள்ள சூப்பு வந்துரும். இம்புட்டையும் செஞ்சா ஒரே வருஷத்துல நீ பெரிய ஆளு. நம்ம ஊர்ல ஒருத்தரும் ஒன் கடைப்பக்கம் வரமாட்டாக, அது வேற விஷயம்.

மொகம் சுருங்கிப்போச்சே. கேலி போதும், நெசமாவே சொல்றேன். இருட்டு விலகுறதுக்கு முன்னால நம்ம ஊர்ல இருந்தும் தேவாரம், கம்பத்துல இருந்தும் ஜீப்பு ஜீப்பாப் பொம்பளைக மலையேறுதுக. எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போயிட்டு, சாயந்தரம் அதே வளைவுல எறங்குதுக. தலையில சாக்கு, இடுப்புல தூக்குவாளி, காலு பூராம் அட்டைக்கடி. ஒரு ஜீப்புல எம்புட்டுப் பேரு உக்காந்திருக்காகன்னு எண்ணிப் பாத்தா ஒனக்குத் தலை சுத்தும். நீ கடை போட்டா, அந்த ஜீப்பு நின்னு, அத்தனை பேரும் எறங்கி, பத்து ரூபாய்க்கு டீயும் வடையும் வாங்கிக்கிட்டு, சுவத்துல இருக்குற படத்தைப் பாத்து ‘இது நம்ம பேச்சியாட்டம் இருக்குடி’ன்னு சத்தமாச் சிரிச்சுட்டுப் போகணும். அதுக்கு ஒரு நீள பெஞ்சு போடு. மலைக்காரக் காசையும் வாங்கு, மூணாறு போறவன் காசையும் வாங்கு, ரெண்டு விலை வச்சாலும் மாமன் கேக்க மாட்டேன். அந்த பெஞ்சு இருந்தா அது ஊரு எடம். இல்லைன்னா வெறும் ஓட்டல், ஓவியம் மாட்டுன ஓட்டல்.

மாசத்துக்கு ஒரு நாளாச்சும் நாடகக்காரரைக் கூப்பிடு. ராத்திரி கூடாதுன்னா சாயந்தரம் வையி. ஆர்மோனியக்காரருக்கு முன்பணத்தை ஏஜென்டுகிட்டக் குடுக்காத, அவரு கையிலயே குடு. பபூனுக்குப் பேசுனதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடு. கூட்டத்தைச் சேக்குறது அவருதான், திட்டு வாங்குறதும் அவருதான். நாடகம் முடிஞ்சதும் அவகளை வாசல்ல நிக்க வச்சு போட்டோ எடுக்காம, மொதப் பந்தியில உக்கார வச்சுச் சோறு போடு. ஓவியம் வரையிற புள்ளைகளுக்கும் இதேதான். சுவத்தைக் குடுத்துட்டேன்ல, அதுவே பெருசுன்னு சொல்லிராத.

இன்னொண்ணும் இருக்கு, அதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் சுத்தி வந்தேன். நம்ம நாடகத்துக்குக் காசு எங்கிருந்து வருதுன்னு நெனைக்கிற? ஒங்க கம்பெனி மாதிரி ஸ்பான்சர் கெடையாது. தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. வெளியூர்ல இருந்தாலும் வரி உண்டு, துபாயில இருக்குறவனே அனுப்பிடுறான். ராஜபார்ட்டுக்கும் சரி, பந்தக்காரனுக்கும் சரி, அதுல இருந்துதான் போகுது. ஒனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கே கமிட்டி நோட்டுல ஒன் பேரை ஏத்தியாச்சு. போன திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட்டோம், ஒன் பேருக்கு நேரா இன்னும் ‘பாக்கி’ன்னுதான் இருக்கு. கமிட்டிக்காரக கேட்டதுக்கு, மாப்ள கொச்சியில கலையை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். ஜிபே நம்பரை உங்க அத்தை இப்ப ஒனக்கு அனுப்புவா, ரயில் ஏறுறதுக்கு முன்னால கட்டிரு.